ஒரு பல் குறைந்தால்

373 சிசி எஞ்சினுடன் வந்த பழைய கேடிஎம் 390 டியூக்கின் இடது பக்கம், கியர் பெடலுக்குப் பின்னால் ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே 15 பற்கள் கொண்ட எஃகுச் சக்கரம் தெரியும். பின் சக்கரத்தில் அதற்கு ஜோடியாக இருப்பது 45 பற்கள். இரண்டையும் செயின் இணைக்கிறது. அந்தப் பதினைந்தைக் கழற்றிவிட்டுப் பதினான்கு பல் ஸ்ப்ராக்கெட்டை மாட்டுவது பட்டறைகளில் பழகிப்போன வேலை. பொருளுக்கும் பெரிய செலவில்லை, வேலைக்கும் அதிக நேரமில்லை. "பிக்கப் கூடிடும் சார்" என்பார் மெக்கானிக். ஓட்டிப் பார்த்தால் கூடியது போலத்தான் இருக்கும்.

எஞ்சினில் எதுவும் மாறவில்லை. அதே 373 சிசி, அதே பிஸ்டன், அதே பெட்ரோல். சற்று முன்பு அது கொடுத்த திறனைவிட ஒரு வாட் கூட இப்போது அதிகமாகக் கொடுக்கப் போவதில்லை. அப்படியென்றால் கூடியது எது? எதைக் கொடுத்து அதை வாங்கினோம்? பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பேனரைப் போட்டு ஒரு படி ஏற்றும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம். இரண்டுமே வரவு செலவுக் கணக்குகள்தான். பட்டறையில் அவை தனித்தனி வேலைகள். வண்டிக்குள் அப்படி இல்லை, ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் செயின் ஓடுகிறது.

அரைப் படி

முதலில் கியர் கணக்கு. எஞ்சினின் வேகம் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடங்களில் மாற்றப்படுகிறது. கிராங்க் தண்டிலிருந்து கிளட்சுக்கு வரும்போது 30 பல் சக்கரம் 80 பல் சக்கரத்தைத் திருப்புகிறது. அங்கே வேகம் 2.67 மடங்கு குறைகிறது. அடுத்தது கியர்பாக்ஸ். முதல் கியரில் இன்னொரு 2.67 மடங்கு குறையும். ஆறாவதில் விகிதம் 0.84, அதாவது குறைவதற்குப் பதில் சற்றுக் கூடுகிறது. மூன்றாவது இடம் செயின்: 45-ஐ 15-ஆல் வகுத்தால் 3. ஆறாவது கியரில் இந்த மூன்றையும் பெருக்கினால் 6.72 வரும். பின் டயர் 150/60-17 அளவு, அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.92 மீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுழலும்போது பின் சக்கரம் 893 முறை சுழலும். வண்டி மணிக்கு 103 கி.மீ. வேகத்தில் போகும்.

இப்போது 14 பல். செயின் விகிதம் 3.21 ஆகிறது, மொத்தம் 7.2. அதே 6000 சுற்றில் வேகம் 96 கி.மீ. மாற்றிச் சொன்னால், நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போக முன்பு 5830 சுற்று போதும், இனி 6240 வேண்டும். ஒரு பல்லின் விலை நிமிடத்துக்கு 400-க்குச் சற்று மேற்பட்ட சுற்றுகள்.

கிடைத்தது என்ன என்று பார்க்க கியர்பாக்ஸின் ஆறு விகிதங்களையும் வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும்: 2.67, 1.86, 1.42, 1.14, 0.96, 0.84. முதலுக்கும் இரண்டுக்கும் இடையே 44 சதவீத இடைவெளி. மேலே போகப் போகப் படிகள் நெருங்கி, ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே 14 சதவீதம்தான் இருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைவது 7 சதவீத மாற்றம், மேல் கியர்களில் சரியாக அரைப் படி. பதினான்கு பல் போட்ட வண்டியின் ஆறாவது கியர், பழைய ஐந்துக்கும் பழைய ஆறுக்கும் நட்ட நடுவில் வந்து உட்கார்கிறது. ஆறு கியர்களும் சேர்ந்து ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டன. மேலே அரைப் படி போனது, கீழே முதல் கியர் இன்னும் கீழே இறங்கியது. புதிதாக எதுவும் முளைக்கவில்லை.

பின் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 7 சதவீதம் கூடுகிறது என்பது உண்மை. அதே எஞ்சின் சுற்றில் சக்கரத்தின் வேகம் அதே விகிதத்தில் குறைகிறது என்பதும் உண்மை. திறன் என்பது இந்த இரண்டின் பெருக்குத்தொகை, ஆகவே அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஓட்டுபவர் ஒவ்வொரு வேகத்திலும் தனக்கு ஏற்ற கியரைத் தேடிப் போட்டுக்கொண்டே இருப்பவர் என்றால், 14 பல்லால் அவருக்குப் பெரிய லாபமில்லை. ஆனால் நகரத்தில் நாம் அப்படி ஓட்டுவதில்லை. நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருப்போம், முன்னால் இடம் கிடைத்ததும் கியரை இறக்காமல் அப்படியே முறுக்குவோம். 15 பல்லில் அப்போது எஞ்சின் 3170 சுற்றில் இருக்கும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிப்பு நடக்கும், எனவே விநாடிக்கு 26 தள்ளல்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் இடையில் செயின் தளர்ந்து மறுபடி இறுகுகிறது, வண்டி வெட்டி வெட்டிப் போகிறது. 14 பல்லில் இதே இடத்தில் சுற்று 3400 ஆகிவிடும், அந்த வெட்டல் தணியும். "பிக்கப்" என்று உணரப்படுவதில் பெரும்பங்கு, இறக்க வேண்டிய கியரை இறக்காமலே சமாளித்துவிட்ட நிம்மதிதான். போக்குவரத்து நெரிசலில் தினமும் அலுவலகம் போகிறவருக்கு அந்த நிம்மதி பணம் கொடுத்து வாங்கத் தக்கதே. வாரக் கடைசியில் பெங்களூர் சாலையில் ஆறாவது கியரிலேயே மணிக்கணக்காகப் போகிறவருக்கு அது வெறும் இரைச்சலும் அதிர்வும்.

முதல் கியரில் கூடும் விசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 35 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முதல் கியரின் மொத்த விகிதமான 21.3 வழியாகப் பின் டயருக்கு வரும்போது, இழப்புகளைக் கழிக்காமல் பார்த்தால், சாலையில் சுமார் 2440 நியூட்டன் உந்துவிசையாகிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து 240 கிலோ என்றால் அவற்றின் எடையே 2350 நியூட்டன்தான். இத்தகைய குட்டை வண்டியில் உந்துவிசை மொத்த எடையைச் சற்றே தாண்டினால் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். எனவே முதல் கியரில் கூடுதலாகக் கிடைக்கும் விசையைச் சாலையில் இறக்கப் பெரிதாக இடமில்லை.

எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. 16 பல் போட்டால் டாப் ஸ்பீடு ஏறும் என்று கணக்குப் போடுவார்கள். தாளில் ஏறும். சாலையில் காற்று குறுக்கே நிற்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருபடியாகவும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் முப்படியாகவும் கூடுகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட 33 சதவீதம் அதிகத் திறன் வேண்டும். அந்தத் திறன் எஞ்சினிடம் இல்லையென்றால், ஆறாவது கியர் ஐந்தாவதைவிட மெதுவாகப் போகும் விந்தையும் நடக்கும். பந்தயக்காரர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் 3.7 கி.மீ. பந்தயத் தடம் போன்ற ஓரிடத்துக்கு வண்டியைத் தயார் செய்யும்போது, மிக நீண்ட நேர்கோட்டின் முடிவில் பிரேக் பிடிக்கப்போகும் நொடியில் எஞ்சின் தன் உச்சச் சுற்றைத் தொடும்படி ஸ்ப்ராக்கெட்டைத் தேர்வு செய்வது வழக்கம். அவர்களுக்கு நேர்கோட்டின் நீளம் தெரியும். நமக்கு நாளைக்கு எந்தச் சாலை என்றே தெரியாது. கம்பெனி 15-ஐப் போட்டு அனுப்புவதற்கு அதுதான் காரணம்.

டயர் அளவை மாற்றுகிறவர்கள் தங்களை அறியாமலே கியரையும் மாற்றுகிறார்கள். 150/60-க்குப் பதில் 140/70 போட்டால் சக்கரத்தின் விட்டம் இரண்டரை சதவீதத்துக்குச் சற்று மேல் பெரிதாகிறது. ஒரு பல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எதிர்த்திசையில்.

முன்னால் ஒன்று, பின்னால் மூன்று

14-க்கு 45 என்பது 3.21. 15-க்கு 48 என்பது 3.2. கணக்கில் இரண்டும் ஒன்றே. முன்னால் ஒரு பல்லைக் குறைப்பதும் பின்னால் மூன்று பல்லைக் கூட்டுவதும் சமம் என்று பட்டறையில் சொல்வது சரிதான். ஆனால் வண்டிக்கு அவை ஒன்றல்ல.

செயினின் பார்வையில் பல்சக்கரம் வட்டமே அல்ல, பலகோணம். செயினின் கண்ணிகள் வளையாத துண்டுகள். அவை பதினைந்து பல் சக்கரத்தின் மேல் படியும்போது பதினைந்து பக்கம் கொண்ட உருவத்தில்தான் படியும். மூலைக்கும் பக்க நடுவுக்கும் இடையே ஆரம் மாறுவதால், சக்கரம் சீராகச் சுழன்றாலும் செயின் சீராக நகர்வதில்லை. ஒவ்வொரு கண்ணியும் ஏறும்போது அதன் வேகம் சற்றே கூடிக் குறைகிறது. 15 பல்லில் அந்த ஏற்றத்தாழ்வு 2.2 சதவீதம், 14-இல் 2.5, 12-இல் 3.4. பின்னால் இருக்கும் 45 பல்லில் அது கால் சதவீதம்கூட இல்லை. கண்ணி வளையும் கோணமும் அப்படித்தான். 15 பல்லில் 24 பாகை, 14-இல் கிட்டத்தட்ட 26. செயின் தேய்வது வளையும் இடத்தில், பின்னும் புஷ்ஷும் உராயும் இடத்தில். செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு ரப்பரைப் போல இழுபட்டு நீள்வதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பின்கள் ஒவ்வொன்றும் ஒரு நூலளவு தேய்ந்து, அத்தனை நூலளவும் கூடிச் சேர்ந்ததுதான் அந்த நீளம். அதனால் முன் ஸ்ப்ராக்கெட்டைச் சிறிதாக்குகிறவர் செயினின் ஆயுளில் கை வைக்கிறார்.

15 ஒற்றைப்படை எண்ணாக இருப்பதும் தற்செயல் அல்ல. செயினில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வரும், மொத்த எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. இரட்டைப்படைப் பல் கொண்ட சக்கரத்தில் ஒரு பல் ஆயுள் முழுவதும் உள்கண்ணியையே, அடுத்த பல் ஆயுள் முழுவதும் வெளிக்கண்ணியையே சந்திக்கும். ஒற்றைப்படையில் சுற்றுக்குச் சுற்று மாறி மாறிச் சந்திப்பதால் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவுகிறது. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய புஷ் ரோலர் செயின்தான் இன்றும் நம் வண்டிகளில் ஓடுகிறது. கோவையின் எல்.ஜி.பி. 'ரோலான்' என்ற பெயரிலும், சென்னையின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 'டைமண்ட்' என்ற பெயரிலும் செய்வது அதன் வழித்தோன்றல்களை. செயின், முன் பல், பின் பல் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பதில் வியாபாரம் மட்டும் இல்லை. தேய்ந்த செயினைப் புதுப் பல்லின் மேல் ஓட்டினால், நீண்டுவிட்ட கண்ணிகள் பல்லின் அடியில் உட்காராமல் நுனிக்கு ஏறி, புதுப் பல்லையும் சீக்கிரமே கொக்கியாக வளைத்துவிடும்.

இனி ஆக்ஸில். செயினின் நீளம் மாறாதபோது முன்னால் ஒரு பல் குறைந்தால், தளர்ந்த செயினை இறுக்கப் பின் ஆக்ஸிலைச் சுமார் 4 மி.மீ. பின்னால் தள்ள வேண்டும். பின்னால் மூன்று பல் கூடினால் ஆக்ஸிலை 12 மி.மீ. முன்னால் கொண்டுவர வேண்டும். ஒரே கியர் விகிதம், ஆனால் இரண்டு வண்டிகளின் சக்கர இடைவெளியில் 16 மி.மீ. வித்தியாசம். இடைவெளி குறைந்த வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திரும்பும். அதிகமானது நேர்கோட்டில் கொஞ்சம் நிதானமாகப் போகும். சாலையில் எல்லோருக்கும் இது உறைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கியரை மட்டும்தான் தொட்டோம் என்று இனி சொல்ல முடியாது. தொட்டது சேஸியையும் சேர்த்துத்தான்.

செயின் பின் சக்கரத்தைத் தூக்கும் விதம்

பின் சக்கரம் ஸ்விங் ஆர்ம் என்ற இரட்டைக் கரத்தின் நுனியில் தொங்குகிறது. அந்தக் கரம் முன் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் ஓர் அச்சில் மேலும் கீழும் ஆடுகிறது. ஸ்ப்ராக்கெட்டின் மையமும் கரத்தின் அச்சும் ஒரே இடத்தில் இல்லை என்பதால், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. ஸ்ப்ராக்கெட் மையம், கரத்தின் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் அந்தத் தூரம் உச்சம், செயினும் மிக இறுக்கம். நிற்கும் வண்டியில் செயினின் கீழ்ப்பகுதி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும் என்று கையேடு சொல்வது இந்தக் கணத்துக்காகத்தான். சத்தம் வருகிறதே என்று செயினை வீணைத் தந்தி போல இறுக்கிவிட்டால், பள்ளத்தில் சக்கரம் மேலே ஏற முயலும்போது ஷாக் அப்சார்பருக்கு முன்பே செயின் தடுத்து நிறுத்தும். கியர்பாக்ஸின் தண்டும் பேரிங்கும் அந்த இழுப்பைத் தாங்கியாக வேண்டும். "ஷாக் ரொம்ப ஹார்டா இருக்கு" என்று வரும் வண்டியில் முதலில் செயினைத் தொட்டுப் பார்க்கும் மெக்கானிக் கெட்டிக்காரர்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. த்ராட்டிலை முறுக்கினால் எடை பின்னால் சாய்கிறது, பின்புறம் அமுங்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் ஸ்விங் ஆர்ம் பின்னோக்கிக் கீழே சரிந்திருக்கும், செயினின் மேல் ஓட்டமோ சிறிய முன் பல்லிலிருந்து பெரிய பின் பல்லுக்குப் போவதால் கரத்தின் கோட்டிலிருந்து விலகிச் செல்லும். இந்த இரண்டு சாய்வுகளும் கூடி, செயின் இழுக்கும்போதும் டயர் வண்டியை முன்னே தள்ளும்போதும் கரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன, அதாவது வண்டியின் பின்புறத்தை மேலே தூக்குகின்றன. எடை அமுக்குகிறது, செயின் தூக்குகிறது. நன்றாக வடிவமைத்த வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் விட்டோரே கொசால்டர் மோட்டார் சைக்கிள் இயக்கவியல் பற்றி எழுதிய நூலில் இந்தச் சமநிலைக்கு ஒரு விகிதமே வகுத்திருக்கிறார்.

முன் பல் சிறிதானால் செயினின் சாய்வு கூடும், தூக்கும் விசையும் கொஞ்சம் கூடும். அதேபோல் பின் ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்துவிட்டால், கரத்தின் சரிவு குறைந்து தூக்கும் விசை குறையும். வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்புறம் அமர்ந்து, முன்புறம் லேசாகி, வண்டி நினைத்த கோட்டைவிட்டு வெளியே அகலும். கியரில் செய்த மாற்றம் சஸ்பென்ஷனில் தெரிகிறது, சஸ்பென்ஷனில் செய்யாமல் விட்டது த்ராட்டிலில் தெரிகிறது.

வண்டி நிற்கும் உயரம்

ஸ்பிரிங்கைப் பற்றிப் பட்டறையில் நிலவும் நம்பிக்கைகளில் மிகவும் பிடிவாதமானது, பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் ஹார்டாகும் என்பது. ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் பின் ஷாக்கின் அடியில் படிகள் கொண்ட ஒரு வளையம் இருக்கும். கொக்கி ஸ்பேனரால் திருப்பினால் அது படிப்படியாக ஏறி, ஸ்பிரிங்கை முன்கூட்டியே சற்று அமுக்கி வைக்கும். அவ்வளவுதான் அது செய்வது.

ராபர்ட் ஹூக் 1676-இல் ஒரு விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டார், யாரும் தனக்கு முன் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று. இரண்டு ஆண்டு கழித்து விடையைச் சொன்னார். ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ, அமுங்குகிறதோ, அதே விகிதத்தில் விசை. மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்பது ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனும் சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் தீர்மானிப்பது. ஸ்பேனர் அதைத் தொடவே முடியாது.

ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் ஃபோர்க்கின் இரு குழாய்களிலும் மில்லிமீட்டருக்கு 0.8 கிலோ ஸ்பிரிங், மொத்தம் 1.6. ஆள் ஏறி உட்கார்ந்ததும் முன் ஸ்பிரிங்குகளின் மேல் 112 கிலோ. அதைத் தாங்க ஸ்பிரிங் 70 மி.மீ. அமுங்கியாக வேண்டும், இதில் பேரம் கிடையாது. 35 மி.மீ. ஏற்கெனவே பிரீலோடாக அமுக்கி வைத்திருந்தால், வண்டி மீதி 35 மி.மீ. மட்டும் தாழும். பிரீலோடை 45 ஆக்கினால் 25 மி.மீ. தாழும். இரண்டு நிலையிலும் ஸ்பிரிங் அமுங்கியிருப்பது அதே 70. இப்போது இன்னொரு 16 கிலோ ஏறினால் இரண்டிலுமே 10 மி.மீ.தான் இறங்கும். கடினம் மாறவில்லை, வண்டி நிற்கும் உயரம் மாறியிருக்கிறது.

ஆள் ஏறியதும் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை ஓட்டுநர்கள் 'ஸேக்' என்பார்கள். அமர்வு என்று சொல்லலாம். அமர்வு ஏன் வேண்டும்? மேடு வந்தால் சக்கரம் மேலே போக இடம் வேண்டும், பள்ளம் வந்தால் கீழே நீளவும் இடம் வேண்டும். அமர்வே இல்லாத வண்டியின் சக்கரம் பள்ளத்தின் மேல் காற்றில் தொங்கும், அந்த நொடியில் டயருக்குப் பிடி இல்லை. சாலை வண்டிகளுக்கு மொத்தப் பயணத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அமர்வு இருப்பது நல்லது. 130 மி.மீ. பயணமென்றால் 35 மி.மீ. ஒட்டி. அளப்பதற்கு ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும். சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, ஆக்ஸிலிலிருந்து மேலே ஒரு குறிவரை அளக்க வேண்டும். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட் சகிதம் ஏறி உட்கார்ந்து மறுபடி அளக்க வேண்டும். ஃபோர்க்கின் சீல்களில் உராய்வு இருப்பதால் ஒரு முறை அமுக்கி விட்டும், ஒரு முறை தூக்கி விட்டும் அளந்து சராசரி எடுப்பது முறை.

ஆளில்லாமல் வண்டி தானாக எவ்வளவு தாழ்கிறது என்பதையும் அளந்தால் ஒரு வேடிக்கை தெரியவரும். பின்புறத்தில் ஸ்பிரிங் சக்கர மட்டத்தில் மில்லிமீட்டருக்கு 2 கிலோ என்றும், ஓட்டுபவரின் எடையில் 50 கிலோ பின்னால் விழுகிறது என்றும் வைப்போம். ஆள் ஏறினால் 25 மி.மீ. இறங்கும். ஆளோடு 35 என்று வைத்தால் ஆளில்லாமல் 10, ஆரோக்கியமான எண். அதே ஆள், ஆனால் ஸ்பிரிங் 1.4 கிலோ. ஆள் ஏறினால் 36 இறங்கும். ஆளோடு 35 வரும்வரை பிரீலோடை ஏற்றினால், ஆளில்லாத வண்டி துளிகூடத் தாழாமல் விறைத்து நிற்கும். வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பவர் "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு" என்பார். உண்மையில் அது அந்த ஆளுக்கு மெலிந்த ஸ்பிரிங். மருந்து, கடினமான ஸ்பிரிங் வாங்கிப் பிரீலோடைக் குறைப்பது. இந்த இடத்தில் உள்ளுணர்வு நேர் எதிராக வழிகாட்டுவதால்தான் டேப் தேவைப்படுகிறது.

பின் சீட்டில் ஒருவர் ஏறினால் அவருடைய எடை ஏறக்குறைய முழுவதும் பின் சக்கரத்தின் மேல் விழும். 60 கிலோ என்றால் மேலும் 30 மி.மீ. பின்புறம் தாழ, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறும், ஹேண்டில் லேசாகும், ஸ்பீட் பிரேக்கரில் அடி முட்டும். ஷாக்கில் இருக்கும் அந்தப் படிகள் முதன்மையாக இதற்காகவே. தனியாக ஓட்டும்போது கீழ்ப்படி, மனைவியும் குழந்தையும் ஏறும் நாளில் மேற்படி. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திருப்பாமல் துருவேறிய வளையங்கள்தான் நம் தெருக்களில் அதிகம்.

ஸ்பிரிங் எவ்வளவு தூரம், எண்ணெய் எவ்வளவு நேரம்

ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும். நம் மாதிரி வண்டியின் முன்புறம், எண்ணெய் இல்லாவிட்டால், விநாடிக்கு இரண்டு முறை வீதம் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவது டாம்பிங்கின் வேலை. எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளி இதைச் செய்யும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை 1935-இல் பிஎம்டபிள்யூ ஆர்12 வண்டியில் கொண்டுவந்தது. விலை குறைந்த வண்டிகளில் இன்றைக்கும் அதே எளிய துளைதான். வேகமாகத் தள்ளினால் துளையின் எதிர்ப்பு வேகத்தின் இருபடியாக எகிறும். அதனால் மெதுவான அசைவுக்கு, உதாரணமாக பிரேக்கில் மூக்கு குத்தும்போது, எதிர்ப்பு போதாது. கூரான பள்ளத்தில் சக்கரம் வெடுக்கென்று எழும்போது எதிர்ப்பு மிதமிஞ்சி, அடி நேராக மணிக்கட்டுக்கு வரும். ஒரே ஃபோர்க் மென்மையாகவும் முரடாகவும் இருப்பதாகப் பலர் குழம்புவது இதனால்தான். விலை கூடிய ஃபோர்க்குகளில் துளைகளுக்கு மேல் மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். அழுத்தம் கூடும்போது அவை வளைந்து வழிவிடும்.

பிரேக் பிடித்தால் முன்புறம் தாழ்வதைக் குறைக்க வேண்டும் என்று டாம்பிங்கைக் கூட்டுபவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். 240 கிலோ, ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில், சக்கர இடைவெளி 1.35 மீட்டர். புவியீர்ப்பில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைத்தால் 75 கிலோ பின்னிருந்து முன்னுக்குப் போகிறது. 1.6 கிலோ ஸ்பிரிங் அதற்கு 47 மி.மீ. அமுங்கியே தீரும். டாம்பிங் அந்த 47-ஐ அடைய ஆகும் நேரத்தைக் கூட்டலாம், 47-ஐக் குறைக்க முடியாது. தூரத்தைக் குறைக்க வழி கடினமான ஸ்பிரிங், அல்லது ஃபோர்க்கில் எண்ணெய் மட்டத்தைச் சில மில்லிமீட்டர் ஏற்றுவது. எண்ணெய்க்கு மேல் அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். இடம் குறைந்தால் பயணத்தின் கடைசிப் பகுதியில் அது விறைப்பாகும். மலிவான, நல்ல வழி. என் கணிப்பில் நம் ஊர் பட்டறைகள் போதிய அளவு பயன்படுத்தாத வழியும் அதுதான்.

மீண்டு எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகிக்கு ஒரே எச்சரிக்கை: மிக இறுக்கினால் ஒரு குலுங்கலிலிருந்து ஃபோர்க் எழுவதற்குள் அடுத்த குலுங்கல் வந்துவிடும். வரிசையான ஸ்பீட் பிரேக்கர் கோடுகளின் மேல் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் பயணமே மிச்சமில்லாமல் கட்டையாகும். கட்டையாக இருக்கிறதே என்று ஓட்டுபவர், அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஷன் திருகியைத் தளர்த்துவார், நோய் இன்னும் முற்றும்.

நீண்ட காலம் இந்தத் திருகிகள் விலை உயர்ந்த இறக்குமதி வண்டிகளின் சொத்தாக இருந்தன. ஓசூர் டிவிஎஸ் 2021-இல் அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டிக்கு முன்பதிவில் கேட்டு வாங்கும் கிட் ஒன்றைக் கொடுத்தது. அதில் பிரீலோட், கம்ப்ரஷன், ரீபவுண்ட் மூன்றையும் முன்னும் பின்னும் திருத்தலாம். திருகி கைக்கு வந்துவிட்டது. எதை எப்போது திருக வேண்டும் என்பது இனி வாங்கியவரின் பாடு.

அப்படி ஒரு வண்டி உங்களிடம் இருந்தால் இந்த வரிசையில் போங்கள். முதலில் டயரின் காற்றழுத்தம், ஏனென்றால் டயரும் ஒரு ஸ்பிரிங். அடுத்து செயின் தளர்வு. பிறகு ஆள் ஏறியும் ஏறாமலும் அமர்வு. இவை மூன்றும் சரியான பிறகே டாம்பிங். ஒவ்வொரு திருகியையும் முழுக்க மூடி எத்தனை கிளிக் என்று எண்ணி, கம்பெனி வைத்த இடத்தை ஒரு தாளில் எழுதிச் சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஒரு முறைக்கு ஒரு திருகி, இரண்டு கிளிக், அதே சாலை, அதே வேகம். ஸ்ப்ராக்கெட்டை மாற்ற ஆசையென்றால் அதற்கு முன், உங்கள் வழக்கமான பாதையில் ஒரு வாரம் எந்தக் கியரில் அதிக நேரம் போகிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். ஆறாவது கியரையே தொடாதவர் என்றால் 14 பல் உங்களுக்குப் பொருந்தும்.